மண்டியில் மல்லாட்டை தின்ற நாள்

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மருமகள் முகத்துக்கு நேராகவே சொல்வாள். சொல்லட்டும். இந்த வாய் ஒன்றும் பிறவியிலேயே வந்ததில்லை, கூலி கொடுத்துப் பழக்கினார்கள். அறுபதுகளில் மழை பொய்த்துப்போன அந்தக் கெட்ட வருஷங்களில், செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டிக்கு நானும் என் அக்காவும் வேலைக்குப் போனோம். அங்கே பேசாமல் இருக்கிறவள் திருடி என்று அர்த்தம்.

வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எண்ணெய் ஆட்டப் போகிறதை மெஷினில் உடைத்துவிடலாம். விதைக்குப் போகிறதை மெஷினில் போட்டால் பருப்பு அடிபடும், அப்புறம் முளைக்காது. அதனால் விதை மல்லாட்டையைக் கையால்தான் உடைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக உட்காருவோம். ஆளுக்கொரு முறம், பக்கத்தில் ஒரு குவியல். காலையில் குந்தினால் பொழுது சாயத்தான் எழுந்திருப்போம். கட்டைவிரல் நகத்துக்கடியில் தோல் வெடித்து ரத்தம் கட்டியிருக்கும். மேலே தகரம் கொதிக்கும், பின்பக்கம் மலைப்பாறையிலிருந்து அனல் வரும். அதுகூடப் பெரிதில்லை. வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, நாளெல்லாம் பருப்பு வாசனையை மூக்கில் இழுத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் இருக்க வேண்டுமே, அதுதான் பெரிது.

எங்களைக் கண்காணிக்க ஒரு மேஸ்திரியம்மா இருந்தாள். கையில் பிரம்பு கிடையாது, அதட்டலும் கிடையாது. அவளுக்கு ஒரே சட்டம்தான், எல்லோரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிற வாய் மெல்லாது இல்லையா, அதற்காக. எவளாவது கொஞ்சம் மூச்சடங்கிவிட்டால் பின்னால் வந்து நின்றுவிடுவாள். "இன்னாடி, வாயில இன்னா வச்சிருக்கற? ஊமை ஊரைக் கெடுக்கும்டி, பேசு." உடனே நாங்கள் பேசுவோம். மாமியார் கதை, நாத்தனார் கதை, பார்க்காத சினிமாவின் கதை. கதை தீர்ந்துபோனால் பொய் சொல்வோம். ஒருத்தி எதுவும் தோன்றாமல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள். வெற்றிலை போட்டுக்கொண்டால் தின்றது தெரியாது என்று ஒரு கெட்டிக்காரி கண்டுபிடித்தாள். மறுநாளே வெற்றிலைக்கும் தடை வந்துவிட்டது.

இதுவும் போதாதென்று வாசலில் ஒரு பேசின் வைத்திருந்தார்கள். வெள்ளை எனாமல் பேசின். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியும் வாய் கொப்புளித்து அதில் துப்ப வேண்டும். தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், பருப்புத் துணுக்கு மிதந்தால், அன்றைய கூலி போச்சு. மறுபடி மாட்டினால் வேலையே போச்சு. கொப்புளித்த பிறகு முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வெளியே வருவோம். அந்தத் தண்ணீரில் குனிந்து பார்க்கிற மேஸ்திரியம்மாவின் முகம் இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. இரண்டு வயது முடிந்துதான் நடக்க ஆரம்பித்திருந்தது. அக்கா புருஷன் பெங்களூரில் கட்டட வேலை என்று போனவன் போனவன்தான், ஒரு சேதியும் இல்லை. நைனாவும் அம்மாவும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர். முன்பெல்லாம் சிங்கவரம் பக்கம் களை எடுக்க, நாற்று நட, மல்லாட்டை பிடுங்கப் போவோம். பிடுங்குகிற இடத்தில் தின்கிறதை யாரும் கேட்கமாட்டார்கள். மழை நின்றதும் காட்டு வேலை நின்றது. மண்டிக் கூலியில் கேழ்வரகு வாங்கிக் கூழ் காய்ச்சினோம். போகப் போகக் கூழில் மாவு குறைந்து தண்ணீர் கூடியது. ரேஷனில் கோதுமை போட்டார்கள், அதை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் கஞ்சியாகவே காய்ச்சிக் குடித்தோம்.

அந்தக் கோடையில் குழந்தையின் காலும் முகமும் உப்பின. "புள்ள நல்லா பூசினாப்ல ஆயிடுச்சே, இன்னா போடற?" என்று தெருவில் கேட்டார்கள். அக்காவுக்கு ஒரே பெருமை. கண்ணேறு படக்கூடாது என்று மை வாங்கிக் கன்னத்தில் பொட்டு வைத்தாள். அடிப்பாவி, அது சதை இல்லை, வீக்கம். ஒருநாள் குழந்தைக்குக் கால் கழுவிவிட்டபோது என் விரல் பட்ட இடம் குழியாக நின்றது, எழும்பவே இல்லை. முடி செம்பட்டையாகிக் கையோடு வந்தது. அப்புறம் அது அழுவதையும் விட்டுவிட்டது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பிரித்துப் பார்த்தார். இதற்கு மருந்து இல்லை, சாப்பாடுதான் மருந்து, பால் கொடு, முட்டை கொடு என்றார். எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "அதெல்லாம் முடியலன்னா மல்லாட்டையாவது கொடும்மா. தினம் ஒரு கைப்பிடி வேகவச்சு, மசிச்சுக் குடு. புள்ள தேறிடும். இல்லன்னா இந்த வருஷம் தாண்டாது." அவர் நல்ல மனுஷர், தெரியாமல் சொன்னார்.

வெளியே புளியமரத்தடியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "மல்லாட்டையாம்டி! கேட்டியா? மல்லாட்டை!" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பஞ்சத்தில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. நாங்கள் வாங்கினால் அப்புறம் கேழ்வரகு வாங்க முடியாது. எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று நாங்கள் யோசிக்காமல் இல்லை. யோசிக்காமல் என்ன, அதைத்தான் யோசித்தோம். ஆனால் வாசலைத் தாண்டி எப்படிக் கொண்டுவருவது? மாட்டினால் அந்தக் கூழும் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்கு ஜீப் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா, கூட டிரைவர் மட்டும். மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட நூல் புடவை, வயது முப்பது இருக்கும். கூலிக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன, என்ன தின்கின்றன, எதனால் இப்படிக் கிடக்கின்றன என்று ஆராய்ச்சி பண்ண வந்திருப்பதாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் தரையிலேயே உட்கார்ந்தாள். பானையிலிருந்த கூழைக் கிளறிப் பார்த்தாள், மாவை எடை போட்டாள், குழந்தையின் கையைச் சுற்றி ஒரு டேப் வைத்து அளந்தாள். அளந்துவிட்டு மறுபடியும் அளந்தாள். அவள் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்தப் பக்கத்துல ஒரு பால்வாடி திறக்கப் போறாங்க. சின்னக் குழந்தைங்களுக்குத் தினமும் பாலும் மாவும் கொடுப்பாங்க. இப்போதைக்கு ஒண்ணுதான். செஞ்சியிலயா அவலூர்பேட்டையிலயான்னு இன்னும் முடிவாகல. எங்க கஷ்டம் அதிகம்னு பாக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. முடிவு என் கையில இல்லம்மா, பாத்ததை எழுதறதுதான் என் வேலை" என்றாள்.

அக்கா காதில் பால் என்கிற ஒரு சொல்தான் விழுந்தது. குழந்தையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வேலை செய்யற இடத்துல ஏதாவது சாப்பிடுவீங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள். அக்கா மண்டியைப் பற்றி, மேஸ்திரியம்மாவைப் பற்றி, பேசினைப் பற்றி எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வாய் கொப்புளிக்கச் சொல்வாங்களா?" என்று நம்பாமல் கேட்டாள். "நாளைக்கே வரேன். நானே கண்ணால பாக்கறேன்."

நாங்கள் சந்தோஷப்பட்டோம், முட்டாள்கள். அந்த அம்மா முறை தவறாதவள். ஒருவருடைய இடத்துக்கு அனுமதி கேட்காமல் போகலாமா என்று அன்று சாயங்காலமே டிரைவரை அனுப்பி முதலாளியிடம் சொல்லிவிட்டாள். கெட்டது அங்கேதான் கெட்டது.

மறுநாள் காலையில் மண்டி வாசலில் பேசின் இல்லை. தரை கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. முதலாளி சலவைச் சட்டையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜீப் வந்து நின்றதும் எழுந்து கும்பிட்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொருத்தி முன்னாலும் இலையில் ஒரு குவியல் உரித்த பருப்பும் ஒரு கட்டி வெல்லமும் ஏற்கெனவே வைத்திருந்தது. எதற்கு என்று தெரியாமல் நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி குந்தியிருந்தோம்.

"சாப்புடுங்கம்மா. இன்னா வெக்கம்? எப்பவும் போல சாப்புடுங்க" என்றார்.

எப்பவும் போல! அந்த வார்த்தைக்கே அந்த ஆளை நான் ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன்.

மேஸ்திரியம்மா கண்ணால் சைகை காட்டினாள். முதலில் ஒருத்தி ஒரு பருப்பை எடுத்து வாயில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவள் எடுத்தாள். அப்புறம் யாருக்கும் நிதானம் இல்லை. கை நிறைய அள்ளி, வெல்லத்தைக் கடித்து, மென்று முடிப்பதற்குள் மறுபடி அள்ளி... பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சும்மாவா சொன்னார்கள். மண்டியில் அன்றைக்குத்தான் பேச்சுச் சத்தமே இல்லை. மெல்லுகிற சத்தம் மட்டும்தான். நானும் தின்றேன். அதற்காக என்னை வெட்கப்படச் சொல்லாதீர்கள், மாட்டேன். முந்தாநாளிலிருந்து என் வயிற்றில் கூழ்த்தண்ணி தவிர வேறொன்றும் இல்லை.

அக்கா மட்டும் தின்னவில்லை. தன் பங்கை அப்படியே முந்தானையில் கொட்டி முடிச்சுப் போட்டாள். அந்த அம்மா அதைக் கவனித்து அருகே வந்தாள்.

"நீங்க சாப்பிடலையா?"

"புள்ளைக்குங்க."

அக்கா மேலே பேசுவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "ஊட்டுக்கும் கொண்டுபோவாங்கம்மா, நாங்க கண்டுக்கறதில்ல. ஏழைங்க, பாவம். தாய் மனசு பாருங்க, தான் துன்னாம கட்டிக்கிட்டிருக்குது."

அந்த அம்மா எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "தினமும் இப்படித்தான் சாப்பிடுவீங்களா?" எங்களுக்குப் பின்னால் மேஸ்திரியம்மா, எதிரில் முதலாளி, எல்லோர் வாயிலும் பருப்பு. "மொதலாளி தங்கமானவருங்க" என்று ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அக்கா எழுந்து நின்றாள். அவள் அப்படி எழுந்து நிற்கிறவளே இல்லை, நான்தான் வாயாடி. "அம்மா, இது இன்னைக்கு மட்டுந்தான். நேத்து வரைக்கும் ஒண்ணுகூடத் தொட வுட்டதில்ல. என் புள்ள மேல சத்தியமா" என்றாள்.

முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? மடி நெறயக் கட்டிக்கிட்டே சொல்லுது." பெண்களில் சிலரும் சிரித்தார்கள். அக்காவைப் பார்த்தா சிரித்தார்கள்? பயத்தில் சிரித்தார்கள். ஆனால் அந்த அம்மா கண்ட காட்சி என்ன? வாய் நிறைய மல்லாட்டையோடு சிரிக்கிற பெண்களும், மடி நிறைய மல்லாட்டையோடு குறை சொல்கிற ஒருத்தியும். அவள் அக்காவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வாசலில் பேசின் திரும்ப வந்துவிட்டது. அன்று கொப்புளிக்கச் சொல்லவில்லை, முந்தானையை மட்டும் உதறச் சொன்னார்கள். மேஸ்திரியம்மா அக்காவின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"துன்னத்தான சொன்னாரு? தூக்கிட்டுப் போகச் சொன்னாரா?"

"அந்தம்மா எதிர்க்கவே சொன்னாருங்களே, ஊட்டுக்குக் கொண்டுபோவாங்கன்னு."

"ஜீப்பு போயிடுச்சுடி" என்றாள் மேஸ்திரியம்மா. அவள் இதைக் கொக்கரித்துச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. முடிச்சை அவிழ்த்து மூட்டையில் கொட்டினாள். கொஞ்சம் தரையில் சிதறியது. அக்கா முட்டி போட்டு அதைப் பொறுக்கப் போனாள். யாரோ ஒரு ஆள் அவள் கையைத் தட்டிவிட்டான். திருடின கழுதை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினார்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் பங்களாவுக்கு ஓடினேன். ஊருக்கு வருகிற அதிகாரிகள் தங்குகிற டிராவலர்ஸ் பங்களாவில்தான் அந்த அம்மா இருந்தாள். வாட்ச்மேன் தடுத்ததையும் மீறி உள்ளே போய் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். பேசின் திரும்ப வந்ததை, முடிச்சை அவிழ்த்ததை, வேலை போனதை எல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் உன்னை நம்பறேன்" என்றாள். "ஆனா நான் கண்ணால பாத்தது வேற. அத்தனை பேர் சொன்னது வேற. நீயும் உன் அக்காவும் மட்டும் சொன்னா, வேலை போன கோபத்துல சொல்றாங்கன்னு தள்ளிடுவாங்க. உங்கூட வேலை செய்யறவங்க நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வா. அவங்க சொன்னா நான் பாத்தது நாடகம்னு எழுதறேன். நாளைக்குக் காலையில கிளம்பறேன், அதுக்குள்ள வாங்க."

நாலஞ்சு பேர்தானே! அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள், குழந்தையை எடுத்துக் கொஞ்சினவர்கள், அக்காவுக்கு வேலை போனதைக் கேட்டு உச்சுக் கொட்டினவர்கள். ஆனால் வந்து சொல் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் அது இல்லை. எங்களில் மூத்தவள், வாய்ப்பாடு சொல்கிறவள், என்னை எதிரில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. இன்னைக்கு உனக்கு வயிறு ரொம்புச்சா இல்லியா?"

"ரொம்புச்சு. அதுக்கு?"

"ரொப்பினவன் யாரு? அவன் குடுத்தத துன்ன அதே வாயால, அன்னைக்கே போயி அவனைப் பழி சொல்லச் சொல்றியா? உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்ணா அடுத்த ஜென்மத்துக்கும் சோறு கெடைக்காதுடி."

"இந்த ஜென்மத்துலயே கெடைக்கலையே!" என்று கத்தினேன். "அவன் உங்க வாயை அடைக்கத்தான் குடுத்தான், தெரியலையா? ஒரு கைப்பிடி மல்லாட்டைக்கு அந்தப் புள்ளையக் கொல்லுவீங்களா?"

"அந்தப் புள்ளைக்கு எங்க உசுரையே கேளு, தரேன். இத மட்டும் கேக்காத" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை முழுதாகப் போயிற்று. பயத்தையாவது பேசித் தெளியவைக்கலாம். இதை என்ன பண்ணுவது? ஒவ்வொரு வீட்டிலும் இதே பதில். துன்ன வாயால எப்படிச் சொல்றது, துன்ன வாயால எப்படிச் சொல்றது. எங்கள் ஜனத்தைப் பற்றி அந்த முதலாளிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் கொடுத்ததைத் தின்னாத ஒரே ஒருத்தி என் அக்கா. அவளைத்தான் திருடி என்று சொல்லியாகிவிட்டது.

காலையில் அக்காவும் நானும் குழந்தையும் மட்டும் போனோம். அந்த அம்மா எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை. நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டாள், எழுதவில்லை என்று சொல்லக்கூடாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எழுத்தில் ஏறியது, அம்பலத்தில்தான் ஏறவில்லை. ஜீப் கிளம்பும்போது அவள் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேகமாக ஏறிக்கொண்டாள்.

பால்வாடி அவலூர்பேட்டையில் திறந்தார்கள். செஞ்சியில் கூலிக்காரர்களுக்கு வேலை செய்கிற இடத்திலேயே சத்தான தீனி கிடைக்கிறதாம், அதனால் அவசரம் இல்லையாம். ஆஸ்பத்திரி கம்பவுண்டர்தான் எங்களிடம் இதைச் சொன்னார். அக்கா குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "வா, அவலூர்பேட்டைக்குப் போலாம்" என்றாள். பஸ்ஸுக்கு அவள் காது தோடு போயிற்று.

அங்கே சின்னச் சின்னப் பிள்ளைகள் டம்ளரோடு வரிசையாக நின்றன. அக்காவும் வரிசையில் நின்றாள். பால் ஊற்றுகிற டீச்சர், "எந்தத் தெரும்மா?" என்று கேட்டார். அக்கா வாய்க்கு வந்த ஒரு தெருவைச் சொன்னாள். அப்படி ஒரு தெரு அந்த ஊரில் கிடையாது. டீச்சர் குழந்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இந்த ஊர்ப் புள்ளைங்களுக்குத்தாம்மா வருது. தலைக்கு இத்தனைன்னு அளந்து அனுப்பறாங்க. இன்னைக்கு ஊத்தறேன். நாளைக்கு வராதீங்க" என்று அரை டம்ளர் ஊற்றினார். குழந்தை அதைக் குடித்துவிட்டு டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு உள்ளே நாக்கைவிட்டு நக்கியது. பல நாளுக்கப்புறம் அது தானாக ஒரு காரியம் செய்தது அன்றுதான்.

பால்வாடிக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற பெண் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷமாம், பிள்ளை இல்லை. புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறான். நாங்கள் வெளியே வந்து திக்குத் தெரியாமல் நின்றபோது பின்னாலேயே வந்தாள்.

"எங்க வூட்ல வுட்டுட்டுப் போறியா? என் புள்ளன்னு பேர் குடுத்துடறேன். தினம் நான் இங்கதான இருக்கறேன், நானே வாங்கி ஊத்தறேன்" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா நீ அடிக்கடி வந்தா ஊர்ல கேப்பாங்க. பேரை அடிச்சுடுவாங்க" என்றாள்.

"வேணாங்க்கா! வேணாம், வா, நம்மூருக்குப் போயிடலாம்" என்று நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அங்க நீ ஊத்துவியா பாலு?" என்று கேட்டாள்.

நான் அவள் கையை விட்டுவிட்டேன். அக்கா குழந்தையை அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்தாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அதன் கண் முழுக்க டம்ளரில்தான் இருந்தது. பஸ்ஸில் அக்கா மாரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஊர் வரும்வரை கேவிக் கேவி அழுதேன்.

அதற்கப்புறம் அக்கா ரோட்டு வேலையில் கல் சுமந்தாள். பாதி ராத்திரியில் எழுந்து பக்கத்தில் கைவைத்துத் துழாவுவாள், அப்புறம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போய்ப் பார்க்கலாம் என்று நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். "பேரை அடிச்சுட்டா?" என்பாள். அடுத்த வருஷம் ஒருவழியாக மழை பெய்தது. பெய்து காடு பச்சையான பிறகுதான், "தூரத்துல இருந்து பாத்துட்டு வந்துடலாம்" என்று கிளம்பினாள்.

ஆனால் தூரத்திலிருந்து பார்க்க முடிகிறதா? கால் தானாக அந்த வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விட்டது. குழந்தை வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது! தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தது, கறுப்பு முடி. கன்னத்தில் நிஜமான சதை. எங்களைப் பார்த்ததும் நின்று, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டது.

அந்தப் பெண் ஈரக் கையோடு வெளியே வந்தாள். அக்காவைக் கண்டதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் அவள் நியாயமானவள். கிட்டே வந்து மெல்லிய குரலில், "கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள்.

நான் அக்காவையே பார்த்தேன். சொல்லுக்கா, ஆமான்னு சொல்லு என்று என் உயிரெல்லாம் கத்தியது. மழை பெய்துவிட்டது, வேலை கிடைக்கும், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்.

"பாலு இன்னும் ஊத்தறாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஊத்தறாங்க."

"அப்ப இருக்கட்டும்."

குழந்தை அந்தப் பெண்ணின் புடவையைப் பிடித்து இழுத்தது. "யாரும்மா இவங்க?" அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்காவே அதன் உயரத்துக்குக் குனிந்தாள். தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தாகமா இருந்துச்சு கண்ணு. தண்ணி கேக்க வந்தேன்" என்றாள்.

குழந்தை உள்ளே ஓடி, சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நீட்டியது. அக்கா வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நின்றபடியே குடித்து முடித்தாள்.